மண் கொண்டுபோன தப்பும் டீமேக்கர் வீட்டு அடுப்படியும்

மழையென்றால் அப்படி ஒரு மழை. தேயிலை பேக்டரி டீமேக்கரின் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே, தலையில் கொங்காணிச் சாக்கை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் சின்னையா நிற்கிறார். ஒரு காதை மட்டும் சாக்கிலிருந்து வெளியே நீட்டியிருக்கிறார். அந்தக் காதிலும் தண்ணீர் வழிகிறது.

நான் அதே வீட்டின் பின்வாசலில் நிற்கிறேன். உள்ளே அடுப்படியில் டீமேக்கரின் சம்சாரம் தெய்வானை அம்மாள் ஒரு முக்காலியின் மேல் ஏறி நிற்கிறார். அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு தப்பு தொங்குகிறது. அதை விரல் முட்டியால் தட்டுகிறார்.

டொப்.

"ஏனம்மிணி, என்ன சொல்றாரு உங்கூட்டுக்காரரு?"

நான் கேட் பக்கம் திரும்பிக் கத்துகிறேன். "என்னாங்க, கேட்டிச்சா?"

"இன்னும் பச்சையா இருக்கு புள்ள! ஓரத்துல தட்டச் சொல்லு!"

"ஓரத்துல தட்டணுமாம், அம்மா!"

டப்.

அவர் கேட்டைத் தாண்டி வரமாட்டார். அந்த அம்மாள் அவரிடம் நேராகப் பேசமாட்டார். நடுவில் நான் இரண்டு பக்கமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நிற்கிறேன். மழைக்காலத்தில் ஒரு தோல் வாத்தியம் காய்ந்ததா இல்லையா என்று பார்க்க, உலகத்தில் வேறு யாராவது இப்படிப் பாடுபட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

சென்ற வாரம் எழுதியதை, ராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். நடுவில் மண்டபம் முகாம், ரயில், பஸ் எல்லாம் இருக்கின்றன. அவை எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் இந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

குடத்தை விட்டுவிட்டு வந்த மனிதர்

தெரியாதவர்களுக்காக: தப்பு என்பது வட்டமான மரச் சட்டத்தில் தோல் ஒட்டிய வாத்தியம். தோளில் மாட்டி, இரண்டு குச்சியால் அடிப்பது. சிலோனில், கண்டிச் சீமைத் தோட்டங்களில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிட, அதுதான் ஒலிக்கும். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி. கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போதே, இன்றைக்கு என்ன விசேஷம் என்று காது சொல்லிவிடும்.

என் மாமனார் பெரட்டுத் தப்பு அடித்தவர். அவர் அடித்ததைத்தான் என் வீட்டுக்காரர் அடித்தார். எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷமே இந்தியாவுக்குப் போகும் சீட்டு வந்துவிட்டது.

கொண்டுபோகக்கூடிய சாமான் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா சீதனமாகக் கொடுத்த பித்தளைக் குடம் ஒன்று இருந்தது. வாய் அகலமான, கனமான குடம். அதற்குள் துணியைத் திணித்துக் கட்டி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் குடம் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்தவளின் அடுப்பு ஓரத்தில் இருக்கிறது. என் துணியெல்லாம் இரண்டு தப்புகளுக்கு நடுவே மடித்து வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது!

"குடம் அங்கயும் கெடைக்கும் புள்ள. தப்பு கெடைக்குமா?" என்கிறார்.

நான் தலைமன்னார் வரைக்கும் அவரோடு பேசவில்லை. ரயில் கோச்சியில் அவர் வாங்கிக் கொடுத்த வடையை மட்டும் தின்றேன். பசிக்கு என்ன செய்வது!

அதற்குப் பிறகு எது நடந்தாலும் நான் குடத்தை இழுத்துவிடுவேன். சோறு குழைந்தால் குடம். காய்ச்சல் வந்தால் குடம். சேரம்பாடிப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்ட வேலையும் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரு காம்பராவும் கிடைத்தபோதும், தண்ணீர் பிடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தகர டின்னைத் தூக்கிக் காட்டி, "இந்தா, இதுதான் நீங்க வாங்கிக் குடுத்த குடம்" என்பேன். அவர் சிரிப்பார். அந்த மனிதருக்குக் கோபம் என்ற ஒன்றை ஆண்டவன் வைக்கவே இல்லை. அதையும் சேர்த்து எனக்கே வைத்துவிட்டான்.

மண் வந்தது

நாங்கள் வந்த இரண்டாவது மழைக்காலம். ஆடி மாதம். நல்லவேளை, பெரட்டு முடிந்து எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். அவர் மலையில். நான் பேக்டரியில், தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் இடத்தில்.

யாரோ ஓடி வந்து லயத்து மேலே மண் சரிந்துவிட்டது என்றார்கள். ஓடினோம். லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் செம்மண் குவிந்து கிடந்தது. மூன்றாவது எங்களுடையது. நல்லவேளை, ஒரு உயிருக்கும் சேதமில்லை. பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் மண்மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் தோண்டினார். சட்டி கிடைத்தது, என் சேலை ஒன்று கிடைத்தது, வாசல் நிலை அப்படியே முழுசாகக் கிடைத்தது. தப்பு இரண்டும் நொறுங்கிப்போய், தோல் கிழிந்து, சேறும் சிராயுமாகக் கிடைத்தன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கோபமே வராத அந்த மனிதர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்றைக்கு நான் குடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

தாலுகாவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நனைந்துகொண்டே வந்தார். என்னென்ன போயிற்று என்று கேட்டார்.

"தப்புங்க. ரெண்டு," என்றார் இவர்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

எனக்கு வந்ததே கோபம்! குறுக்கே புகுந்து பாய், கம்பளி, சட்டி, விளக்கு என்று நானே சொன்னேன். இல்லாவிட்டால் அந்த மழையில் வெறும் தரையில் படுத்திருப்போம். கம்பளி வந்தது, பாய் வந்தது, சட்டியும் வந்தது. தப்பு யார் தருவார்கள்? வந்தவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டதே பெரிய விஷயம்.

சொன்ன சொல்

மண்ணுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தப்புக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

மழை சற்று ஓய்கிற ஆவணிக் கடைசியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அதை நடத்துவது பழைய லயத்துக்காரர்கள். தலைமுறைக்கு முன்னால் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள். நாங்கள் புது லயம், 'சிலோன்காரங்க'. முதல் வருஷம் திருவிழாவில் ஓரமாக நின்று பார்த்தோம். அதைச் சாமி கும்பிட்டதாக எங்களில் யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது வருஷம் என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் போய்க் கேட்டு, ஓடையிலிருந்து கரகம் அழைத்து வருகிற நாளை எங்களுக்கு வாங்கிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் கேட்டாராம், மேளம் யாருது என்று. இவர் அத்தனை பேருக்கு நடுவில் சொல்லிவிட்டார்: "எங்க தப்புலதான் கரகம் வரும்."

மண் சரிந்த செய்தி கேட்டு அதே தலைவர் வந்தார். நியாயமான ஆள்தான்.

"ஏனுங்க சின்னையா, தப்புதான் போயிருச்சுங்களே. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, கூடலூர் பேண்டு செட்டுக்குச் சொல்லிப்போடறோம். உங்க நாள அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? கப்பல் ஏறுவதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்ட வார்த்தை!

நெல்லியாளத்தில் எங்கள் சொந்தக்காரர்களிடம் தப்பு இருந்தது. இரவல் வாங்கினால் என்ன என்றேன். துணைத் தப்பு வேண்டுமானால் இரவல் வாங்கலாம். முன்னால் போகிற தலைத் தப்பை இரவல் வாங்கிச் சாமியை அழைக்கக்கூடாது என்பது என் வீட்டுக்காரர் குடும்பத்து வழக்கம். அதில் அவரை அசைக்க முடியாது.

"புதுசு கட்டுவோம்," என்றார்.

புளியங்கொட்டை

சட்டத்துக்கு மரம் வேண்டும். மண்ணிலிருந்து வந்த எங்கள் வாசல் நிலை இருந்தது. பலா மரம். தோட்டத்து ஆசாரி நிலம்பூர்ப் பக்கத்து மலையாளி. நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பிலாவாணு. ஊடு போனாலும் மரம் போயிட்டில்லல்லோ," என்றார். மூன்று வளைந்த துண்டுகளாகச் செதுக்கி, தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற தகரப் பட்டையால் இணைத்து வட்டமாக்கினார். நாங்கள் நுழைந்து புறப்பட்ட வாசல் அப்படி வட்டமாகிவிட்டது.

தோல் கூடலூரிலிருந்து. கன்றுத் தோல். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், நாடுகாணிக்கு முன்பே கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மூட்டையோடு இவரையும் பஸ் கூரைமேல் ஏற்றிவிட்டார். மழையில் நனைந்து, தோலைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்ச வேண்டும். அதற்குக் கொட்டை வேண்டுமே? பேக்டரியில் குச்சி பொறுக்கும் பெண்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் ஒவ்வொருத்தியும் முந்தானை முடிச்சில் கொட்டை கொண்டு வந்தாள். எங்கள் லயத்தார் மட்டுமல்ல, பழைய லயத்துப் பெண்களும். ஒருத்தி, "எங்கூட்ல ரசம் வைக்கறப்பெல்லாம் உங்க தப்பு நெனப்புத்தான் போ," என்று சொல்லிக் கொட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, மனசு நிறைந்துவிட்டது.

தோலை ஒட்டியாயிற்று. இனிக் காய வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

வெயிலே இல்லை. எங்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்த கொட்டகையில் சுவரே வியர்த்து வழிகிறது. சட்டியில் நெருப்பு வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் இறுகினால் மறு பக்கம் தொளதொளவென்று ஆகிறது. பசை பிடிக்கவில்லை. தோலில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு. திருவிழாவோ கிட்டத்தில் வந்துகொண்டிருக்கிறது. இவர் தூங்கவே இல்லை.

மூக்கு

இந்த இடத்தில் எங்கள் டீமேக்கர் பழனிசாமியைச் சொல்லியாக வேண்டும். தாராபுரம் பக்கத்துக்காரர். பேக்டரியில் தூள் தரமாக வருகிறதா என்பது அவர் பொறுப்பு. அந்த மனிதருக்கு ஆண்டவன் கொடுத்தது மூக்கு இல்லை, தனியாக ஒரு ஆபீஸ்!

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பேக்டரிக்குள் மல்லிகைப்பூ கூடாது, கருவாடு கூடாது, வெற்றிலை கூடாது. சாப்பாட்டுத் தூக்கைக்கூட எட்ட இருக்கிற கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். நான் ஒரு தடவை தலையில் முழம் பூவோடு வந்துவிட்டேன். அவர் மாடியில் இருக்கிறார், நான் கீழே வாசலில். மேலிருந்தே சத்தம் வந்தது: "ஆருங்க அது பூ வச்சுட்டு வந்தது? வெளிய போங்க!" பூவைக் கழற்றியும் விடவில்லை, தலையில் வாசனை இருக்கிறதாம். அரை நாள் வேலை போயிற்று.

அப்படிப்பட்டவர், நான் பூஞ்சைக் கதையைப் பக்கத்துப் பெண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"எங்கூர்லனா ஒரு நா வெயில்ல வச்சாப் போதும் அம்மிணி. கல்லாட்டம் ஆயிப்போகும்," என்றார். பிறகு அவரே சொன்னார்: "எங்கூர் மாரியம்மன் நோம்பில தப்பு அடிச்சா, நாலு ஊர் தள்ளி இருக்கறவனுக்கும் காலு நிக்காது, பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை பேக்டரி நிற்கும். கொழுந்து வாட்டுகிற மாடி காலியாக இருக்கும். இன்னும் தணியாத டிரையர் அடுப்பின் சூட்டுக் காற்று மட்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த மலையிலேயே அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது.

"அன்னைக்கு மாடில தொங்க உட்டுடலாம். கொழுந்துதான் இல்லையே, என்ன ஆயிப்போகுது?" என்றார் அவரே.

எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்றே தெரியவில்லை. பூவுக்கு அரை நாள் விரட்டினவர், மாட்டுத் தோலை மாடியில் தொங்கவிடச் சொல்கிறார்!

ஒரு மிடறு

ஞாயிற்றுக்கிழமை தொங்கவிட்டார். அவரே ஏணி வைத்து ஏறினார். சாயங்காலம் பூஞ்சை போய், பசை இறுக ஆரம்பித்திருந்தது. எடுத்துப் பேக்டரியில் தன் ரூமில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வழக்கம்போல் மாடி நிறையக் கொழுந்து பரப்பினோம்.

அந்தக் கொழுந்து தூளாகி வந்ததும், கிண்ணங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மிடறு உறிஞ்சினார். நின்றுவிட்டார். இன்னொரு கிண்ணம். அதிலும் அப்படித்தான்.

"ஆரு கருவாடு கொண்டாந்தது?" என்று கத்தினார்.

யாரும் கொண்டுவரவில்லை. ஒவ்வொருத்தியாக முறைத்துக்கொண்டே போனவர், சட்டென்று மாடிக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். கொழுந்து பரப்புகிற தட்டுகளில் சாக்குத் துணி விரித்திருக்கும். அதில் மூக்கை வைத்தார்.

கொழுந்து இல்லை, சரி. துணி இருந்ததே! நாள் முழுக்க அந்தச் சூட்டில் சாக்குத் துணி தோல் வாசனையைக் குடித்து வைத்திருந்தது. மறுநாள் வந்த ஈரக் கொழுந்துக்கு அதை அப்படியே ஊட்டிவிட்டது. மூக்கையே பிழைப்பாக வைத்திருந்தவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானேதேன். ஊரையெல்லாம் மெரட்டுனவன் நானேதேன்," என்றார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். எங்கள் பெயரை இழுக்கவில்லை. மேனேஜர் போட்ட சத்தம் தூள் சலிக்கிற இடம் வரைக்கும் கேட்டது. அந்த ஒரு நாள் தூளைத் தனியாக மூட்டை கட்டி ஒதுக்கினார்கள். துணியையெல்லாம் அவிழ்த்து, நாங்கள் பெண்கள் வெந்நீரில் அலசிப் போட்டோம். அலசும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அழுகையும் அடங்கவில்லை. தப்பு பாதிதான் காய்ந்திருந்தது. இனி மாடிப் பேச்சே கிடையாது. என் வீட்டுக்காரரிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

அடுப்புக்கு மேலே

அன்று சாயங்காலம் டீமேக்கர் தன் மழைக்கோட்டில் தப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் சம்சாரம் தெய்வானை அம்மாள் சுத்தபத்தம் பார்க்கிறவர். கெட்ட மனசு கிடையாது. நாங்கள் விறகு கொண்டுபோனால் மோர் தருவார், ஆனால் பின்வாசலில். எங்களில் யாரும் அந்தப் படியைத் தாண்டியதில்லை. தப்பு அடிக்கிறவர் என்றால் கேட்டோடு சரி. சிலோனிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். கடல் தாண்டி வந்தோமே தவிர, அதைத் தாண்டி வரவில்லை. எங்களுக்கு அது வலிக்காது என்று யாராவது நினைத்தால், அவர்கள் நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம்.

பிற்பாடு ஒரு நாள் அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். "தொப்பலா நனைஞ்சு நடு ஊட்ல வந்து நிக்கறாரு அம்மிணி, கையில அது. வெளிய எறிங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். 'அடுப்புக்கு மேல கட்டுங்க, ஈரம் ஏறப்போகுது'ன்னு வந்துருச்சு. எப்படி வந்துச்சுன்னே தெரியல போ."

மறுநாள் விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் போய் நின்றார். ஒரு தடவை வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்லு என்றார். அந்த அம்மாள் மறுத்துவிட்டார்: "மழைக் காத்து பட்டா மறுபடியும் தொளதொளன்னு ஆயிருமாமா, அவரு சொன்னாரு. வேணும்னா தட்டறேன், கேட்டுக்கச் சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது முதலில் சொன்ன கச்சேரி. தினமும் வேலை விட்டு வந்ததும் மழையில் கேட், பின்வாசல், முக்காலி. முதலில் அந்த அம்மாள் பயந்து பயந்து தட்டினார், சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி. போகப் போக ஓரம் எது, நடு எது என்று அவருக்கே கை வந்துவிட்டது. கேட்டில் இவர் இருமுகிற சத்தம் கேட்டாலே, நான் சொல்லுமுன் தட்டிவிடுவார்.

ஒரு சாயங்காலம் தட்டினார். டொப் இல்லை. டண் என்று கேட்டது.

கேட் பக்கம் எட்டிப் பார்த்தேன். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்கறாரு? என்னங்கறாரு?" என்று முக்காலியிலிருந்து தெய்வானை அம்மாள் என்னைப் போட்டுத் துளைக்கிறார்.

"காஞ்சிருச்சாம், அம்மா," என்றேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, நானாகச் சொன்னேன்.

முதல் அடி

கரகம் அழைக்கிற நாள். விடிந்ததும் நாங்கள் எல்லாரும் குளித்து, ஈரத் தலையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். மழை நின்று சாரல் மட்டும். நெல்லியாளத்திலிருந்து இரவல் தப்போடு சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். பழைய லயத்து ஆட்களும் கமிட்டித் தலைவரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

டீமேக்கர் தப்பைக் கொண்டுவந்து கேட்டுக்கு மேலாக நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். தேயிலைக் கவாத்துக் குச்சியில் சின்னதாக நெருப்பு மூட்டி, தோலைச் சூடு காட்டினார். சூடு ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. டீமேக்கரின் மூக்கு சும்மா இருக்குமா?

"அட, பச்சைக் கொழுந்து வாசம்! அப்புறம் இது என்ன, பெருங்காயம்... நம்மூட்டு ரசமல்லோ!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கமிட்டித் தலைவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தெய்வானை அம்மாள் மட்டும் வாசற்படியில் நின்று, "என்ர ரசத்துக்கு என்ன கொறையாமா?" என்று முறைத்தார்.

இவர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நின்றபடி, டீமேக்கரைப் பார்த்துச் சொன்னார்: "புதுத் தப்புக்கு ஒரு மொறை இருக்குங்கய்யா. அது பொறந்த எடத்துலதான் மொத அடி அடிக்கணும். இங்கனயே அடிச்சிட்டு ஓடைக்குப் போறமுங்க."

குச்சியை ஓங்கிவிட்டார்.

"இருங்க," என்றார் தெய்வானை அம்மாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்து, நேராக.

"அது கேட்லயாங்க பொறந்துச்சு? அடுப்படிலல்லோ பொறந்துச்சு."

இவர் தன் காலைப் பார்த்தார். முட்டி வரைக்கும் சேறு. பிறகு டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் சம்சாரத்தைப் பார்த்தார். ஓங்கின குச்சி அப்படியே நின்றது.

"இத்தன நாளா அது உள்ளதானுங்க இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள். "நீங்க என்னத்துக்குங்க வெளிய நிக்கறீங்க? வாங்க உள்ள."

டீமேக்கர் கேட்டைத் திறந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் போனார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு சேற்றுக் காலோடு உள்ளே போனார். நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன். தினமும் அவர் நின்ற இடத்தில், அவர் நீட்டின மாதிரியே காதை நீட்டிக்கொண்டு.

முதல் அடி விழுந்தது. அடுப்படி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் கலகலவென்று உருண்டன. அதற்கு மேலே தெய்வானை அம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவரை அந்த அம்மாள் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை. அந்தப் பித்தளைக் குடம் போனால் போகட்டும் என்று அன்றைக்குத்தான் மனதாரச் சொன்னேன்.